எந்த நூல், எந்தப் பக்கம்?
(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் நிகழ்த்திய உரை)



ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கு, பிறர் நூலை எடுத்தாளும் முறை குறித்துச் சில சொல்லுமாறு செயலாளர் பணித்தார். விதிகளை ஒப்பிப்பதைவிட, நம் மண்ணைப் பற்றிய செய்தி ஒன்றை வைத்தே பேசுவது நலம் என்று கருதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில், "இந்த மாவட்டத்தில் நம் பிள்ளைகள் எழுத்தறியக் கூடாதென்று 1930இல் தடை விதித்தார்கள்" என்று முழங்கினேன். கைதட்டல் எழுந்தது. அது அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "எந்த நூல்? எந்தப் பக்கம்?" என்று கேட்டார். ஏதோ ஒரு சிறு வெளியீட்டில் படித்ததுதான் எனக்குத் தெரியும். அதன் பெயர்கூட நினைவில் இல்லை. நான் வாயடைத்து நின்றேன். நடந்த கொடுமை ஒன்று, என் கவனக்குறைவால், கட்டுக்கதைபோல் ஆகிவிட்டது.

பின்னர் மூலத்தைத் தேடிப் படித்தேன். 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்புக்கு ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் 1946இல் வெளியிட்ட 'இந்தியாவில் சாதி' என்னும் ஆங்கில நூலில் அச்செய்தி உள்ளது. இராமநாதபுரம் பகுதியில் கள்ளர் வகுப்பார் 1930 டிசம்பரில் எட்டுத் தடைகளை விதித்தனர் என்று அவர் எழுதுகிறார். பொன் நகையும் வெள்ளி நகையும் அணியலாகாது. ஆடவர் சட்டை போடலாகாது, முடி வெட்டிக்கொள்ளலாகாது. குடையும் செருப்பும் கூடா. பெண்டிர் மேலாடை அணியலாகாது, பூச்சூடலாகாது. வீட்டில் மண்பாண்டமன்றி வேறு பாண்டம் கூடாது. மீறியோரின் குடிசைகள் கொளுத்தப்பட்டன என்றும், தானியக் களஞ்சியங்கள் அழிக்கப்பட்டன, கால்நடைகள் சூறையாடப்பட்டன என்றும் அவர் பதிவு செய்கிறார்.

இந்த எட்டில் கல்வியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! அது வந்தது 1931 ஜூனில். முதல் எட்டும் சரிவரக் கடைப்பிடிக்கப்படவில்லை என்று மீண்டும் கூடிப் பதினொரு தடைகளை வகுத்தனர். பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதார்களின் மாடுகளையே மேய்க்க வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். சொந்த நிலத்தை அடிமாட்டு விலைக்கு அவர்களிடமே விற்றுவிட வேண்டும். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை உழைத்தால் ஆணுக்கு நான்கணா, பெண்ணுக்கு இரண்டணா கூலி என்பனவும் உண்டு. தடைகளை ஏற்காமல் நம் முன்னோர் ஆறு மாதம் தாக்குப்பிடித்தனர் என்பதையன்றோ அந்த இரண்டு தேதிகளும் காட்டுகின்றன? ஆண்டைத் தவறாகச் சொன்ன நான், அவர்களுடைய அந்த மன உறுதியையும் சேர்த்தே மறைத்துவிட்டேன்.

இளைஞர்களே, அடிக்குறிப்பு என்பது பேராசிரியர்க்காகப் போடும் அலங்காரமன்று. ஐயமுற்றவர் மூலத்திற்குச் செல்வதற்கு நாம் காட்டும் வழி அது. ஆசிரியர், நூல், பதிப்பு, ஆண்டு, பக்கம் ஆகிய ஐந்தையும் குறிப்பெடுக்கும்போதே எழுதிவிட வேண்டும். நூலகத்தில் நூலைத் திருப்பிக் கொடுத்த பிறகு அல்ல. ஹட்டனை நீங்கள் பார்க்காமல் வேறொருவர் எடுத்துக் காட்டியதையே படித்திருந்தால், அவர் நூலில் கண்டதாகவே எழுதுங்கள். அதில் இழிவு ஒன்றுமில்லை. அவர் பிழை செய்திருப்பின் அப்பிழை உங்கள் தலையில் ஏறாமலும் இருக்கும். இன்னொன்று: காரைக்குடியும் சிவகங்கையும் அந்நாளில் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. பழைய ஆவணங்களில் அப்பெயரிலேயே தேட வேண்டும்.

ஆங்கில நூலின் பத்தியைத் தமிழாக்கித் தம் கருத்தாக எழுதுவோர் பலர். "சொற்கள் என்னுடையவைதாமே" என்பார்கள். சொல் உங்களுடையது, கருத்து? மேற்கோள் குறி இல்லாவிடினும் கருத்துக்கு உரியவர் பெயர் வந்தாக வேண்டும்.

அயோத்திதாசப் பண்டிதர், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன், திருக்குறள் ஏட்டுச்சுவடியை அவர் வழியாக எல்லீசிடம் சேர்ப்பித்தார் என்று எழுதியுள்ளார். நாம் மேடையில் இதை ஊரறிந்த உண்மைபோல் சொல்லிச் செல்கிறோம். "அயோத்திதாசர் எழுதுகிறார்" என்று தொடங்கினால் செய்தியின் மதிப்பு குறைந்துவிடுமா? என் எண்ணத்தில் கூடவே செய்யும். கந்தப்பனோடு, அவரை மறவாத பெயரனும் அவ்வரியில் நிற்கிறார்.

பாபாசாகேப் அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்தது. அதில் மூலக் குறிப்புகள் இல்லை. அதை இந்தியில் பெயர்த்த பதந்த ஆனந்த கௌசல்யாயன், பாலி நூல்களைத் துருவி ஆராய்ந்து, எப்பகுதி எங்கிருந்து வந்தது என்று தேடிக் குறித்தார். பாபாசாகேபுக்கு ஒரு கௌசல்யாயன் வாய்த்தார். நமக்கு வாய்ப்பது அரிது. நாமே குறித்துவிடுவது நல்லது.

தண்டனையைப் பற்றியும் கேட்கிறீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரை ஒப்புமை இருப்பின் தண்டனை இல்லை. 40 வரை எனில் ஆறு மாதத்திற்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை எனில் திருத்திய ஏட்டை ஓராண்டுக்குத் தர இயலாது. அதற்கும் மேற்பட்டால் பதிவே நீக்கப்படும். உரியவரைக் குறிப்பிட்டு முறையாக எடுத்த மேற்கோள் இக்கணக்கில் சேராது. பத்து விழுக்காடு திருடலாம் என்று பொருள் கொள்ளாதீர்கள்! நம் பிள்ளை நன்றாக எழுதினால் "யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் நாமே சான்றைக் கொடுக்கலாகாது.

நூல்களுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று எண்ண வேண்டா. நம் சேரிப் பாட்டிமார் சொன்ன தாலாட்டையும், ஒப்பாரியையும், பழைய செய்திகளையும் எழுதிக்கொண்டு, "ஒரு மூதாட்டி கூறினார்" என்று முடித்துவிடும் ஆய்வேடுகளைக் கண்டிருக்கிறேன். நூலாசிரியர்க்குப் பெயர் உண்டு, நம் கிழவிக்கு இல்லையா? அவர் பெயர், ஊர், வயது, சொன்ன நாள் அனைத்தையும் எழுதுங்கள். முதலில் அவரிடம் இசைவு கேளுங்கள். பெயர் வெளிவந்தால் ஊரில் தொல்லை நேரும் என்று அவர் அஞ்சினால் மறைத்துவிடுங்கள். அவர் விருப்பப்படியே மறைத்ததாக அடியில் குறியுங்கள்.

1931இல் புத்தகத்திற்கு மாறாக மாட்டுக் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார்களே, அந்தச் சிறுவர்களின் மக்கள் இன்று எழுபது, எண்பது வயதை எட்டியிருப்பர். தம் பெற்றோர் சொல்லக் கேட்டது அவர்கள் நெஞ்சில் இருக்கும். ஹட்டன் எழுதியது தடை விதித்தவர்களின் பட்டியல். தடைபட்டவர்கள் என்ன செய்தார்கள், எந்தத் திண்ணையில் ஒளிந்து எழுத்துக் கற்றார்கள் என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும். இந்தக் கோடை விடுமுறையில் ஒரு குறிப்பேட்டோடு அவர்களிடம் செல்லுங்கள். முதல் பக்கத்தில் அவர்களின் பெயரை எழுதிவிட்டுக் கேட்கத் தொடங்குங்கள்.