கஞ்சாவும் நாட்டுச் சட்டமும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திற் சிதம்பரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய என்னை இலக்கியம் பற்றிப் பேசுமாறு பணித்தலே இச்சங்கத்தின் வழக்கம். இம்முறை செயலாளரவர்கள் எனக்களித்த பொருள் வேறு. கஞ்சாவைச் சட்டப்படி விற்கவும் நுகரவும் இடங்கொடுக்கலாமா என்பதே அது. இதற்குக் காரணமுண்டு. நம் இளைஞர் பகுதியினர் ஒரு தீர்மானம் கொணர்ந்துள்ளனர்; கஞ்சாத் தடையை அடியோடு நீக்குமாறு அரசினரை வேண்டுவது அது. மூத்தோர் சிலரும் ஒரு தீர்மானம் கொணர்ந்துள்ளனர். கஞ்சா வழக்கிற் சிக்கிய மாணவனுக்குச் சங்கத்தின் கல்வி உதவித்தொகையை நிறுத்துவதும், அவன் குடும்பத்தாரைச் சங்க நிகழ்ச்சிகட்கு அழையாதொழிவதும் அது கூறுவன. இரண்டும் இன்று மாலை வாக்கெடுப்பிற்கு வருகின்றன. ஆதலின் யான் பேசப்புகுவது பொழுதுபோக்கிற்குரிய பட்டிமன்றப் பேச்சன்று. உங்கள் கையுயர்வால் ஒரு சில பிள்ளைகளின் வாழ்வு இப்பக்கமோ அப்பக்கமோ சாயும் என்பதை முதற்கண் நினைவில் இருத்துமாறு வேண்டுகிறேன்.

நூல்கள் கூறுவன

தடையை நீக்கவேண்டுமென்னும் இளைஞர் முதலாவதாக எடுத்துக்காட்டுவது நம் பழைமையை. கஞ்சாவிற்குச் சித்த மருத்துவத்திற் சிவமூலி என்றும் கோரக்கர் மூலி என்றும் பெயருண்டு; சித்தர் கையாண்ட பொருளை நாம் ஏன் வெறுத்தல் வேண்டும் என்று வினவுகின்றனர். பெயருண்டு என்பது மெய்யே. இலேகியங்களிற் கஞ்சா சேர்க்கப்படுவதும் மெய்யே. ஆனால் அதே மருத்துவம் பாடாணத்தையும் இரதத்தையும் சேராங்கொட்டையையும் கையாளுகின்றது. அவற்றை முறைப்படி சுத்திசெய்து, அளவறிந்து, அனுபானம் அறிந்து, நோயறிந்து கொடுக்கின்றது. பாடாணம் மருந்தாயிற்று என்பதனால் அதனைக் கடைத்தெருவிற் பொட்டலமாக விற்கலாமென்று வாதிப்பார் உளரோ? மருந்து என்பது அளவும் மருத்துவனும் கூடியவிடத்துப் பெறும் பெயர். அவ்விரண்டும் நீங்கின், பொருள் அதுவேயாயினும் பெயர் வேறாகும்.

முற்றும் வெறுக்கும் மூத்தோரோ திருக்குறளின் கள்ளுண்ணாமையைச் சுட்டுகின்றனர். சுட்டுதல் தகும், ஆயினும் அவ்வதிகாரம் நின்ற இடத்தை அவர் நோக்கினாரல்லர். புலால் மறுத்தலையும் கள்ளாமையையும் அறத்துப்பாலில் வைத்த ஆசிரியர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் 93-ஆம் அதிகாரமாக வைத்தார். மயக்கம் என்பது பொருளையும், மானத்தையும், சுற்றத்தையும், ஆட்சியையும் அழிக்கும் கேடாதலின், அஃது அரசும் குடியும் கூடி ஆராயவேண்டிய பொருளாயிற்று என்பது என் துணிபு. அதனை அடுத்து நிற்பது சூது. சூதை அடுத்து நிற்பது யாது? மருந்து! 95-ஆம் அதிகாரம் அதுவே. கேட்டினைக் கூறியபின் மருந்தினைக் கூறிய அம்முறைவைப்பைத் தண்டனையொன்றையே நினைப்பவர் சிறிது எண்ணிப்பார்த்தல் நன்று.

இன்னொன்றும் கூறுவேன். சங்கச் சான்றோர் பாடல்களில் அதியமானோடு ஒளவையார் கள்ளுண்டு மகிழ்ந்த செய்தி உளது. ஒரே மொழியில், ஒரு காலத்துப் புலவர் கள்ளைப் புகழ்ந்தனர். பின்வந்த ஆசிரியர் கடிந்தனர். ஆகவே இவ்வாதம் புதிதன்று. மேனாட்டிலிருந்து நேற்றுக் கப்பலேறி வந்ததுமன்று.

சட்டம் வந்த வரலாறு

ஆங்கிலேயர் ஆட்சியிற் கஞ்சா உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்டது. அரசிற்கு வரியும் தந்தது. 1893-ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் எழுந்த வினாவின் பயனாக இந்தியக் கஞ்சா ஆராய்ச்சிக் குழு அமைக்கப்பட்டது. ஆங்கிலேயர் நால்வரும் இந்தியர் மூவருமாக எழுவர் அதன் உறுப்பினர். அவர்கள் 1,193 சாட்சிகளின் கூற்றைப் பெற்று, 1894-ல் தம் அறிக்கையை முடித்தனர். அளவாகக் கொள்வார்க்குப் பெருந்தீங்கில்லை, மிகையாகக் கொள்வார்க்குத் தீங்குண்டு, முற்றுந் தடுத்தல் வேண்டா, வரியாலும் உரிமத்தாலும் கடைகளின் தொகையைக் குறைத்தலாலும் அடக்குதலே தக்கது என்பது அவர் முடிவு. இந்திய உறுப்பினருள் இருவர் அம்முடிவிற்கு உடன்படாது தம் கருத்தைத் தனியே எழுதினர் என்பதும் அறியத்தக்கது.

நாடு விடுதலை பெற்றபின், அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவு, மருந்திற்கன்றி மதுவையும் உடற்கூறு செய்யும் போதைப்பொருள்களையும் விலக்க முயலுமாறு அரசிற்கு நெறி காட்டிற்று. 1961-ல் உலக நாடுகள் கூடிச் செய்த போதைப்பொருள் உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்தது. 1985-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் இப்போதைய நடுவணரசுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் செடியின் பூவும் காயுங் கொண்ட நுனியையே கஞ்சா என்கின்றது; தனித்த இலையையும் விதையையும் விலக்குகின்றது. ஆதலின் வடநாட்டிற் சில மாநிலங்களிற் பங்கி என்னும் இலையுருண்டை இன்றும் அரசின் உரிமத்தோடு விற்கப்படுகின்றது. ஒரே செடி, இலைக்குக் கடை, பூவிற்குச் சிறை!

1,000 கிராம் வரையிற் சிறிய அளவு. அதனை வைத்திருப்போர்க்கு ஓராண்டு வரையிற் கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரையில் ஒறுப்புப்பணம், அல்லது இரண்டும். 20 கிலோவிற்கு மேற்பட்டது வாணிக அளவு. அதற்குப் பத்தாண்டு முதல் இருபதாண்டு வரையிற் சிறை. புகைத்தல் ஒன்றற்கே ஆறு திங்கள் வரையிற் சிறை விதிக்கலாம்.

அயல்நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவிற் கொலராடோ, வாஷிங்டன் என்னும் இரு மாநிலங்கள் 2012-ல் மக்கள் வாக்கால் தடையை நீக்கின. உருகுவே நாடு 2013-ல் சட்டம் இயற்றிற்று. கனடா 2018 அக்டோபர் 17 முதல் விற்பனைக்கு இடந்தந்தது. ஜெர்மனி 2024 ஏப்ரல் முதல் நாள் தொடங்கிச் சிறிய அளவு வைத்திருத்தலையும் வளர்த்தலையும் குற்றமென்பதினின்று விலக்கிற்று, பொதுக்கடைக்கு இடந்தரவில்லை.

பயன் யாது? கனடாவிற் கஞ்சாவிற்காகக் கைதாவோர் தொகை பெரிதும் குறைந்தது. கள்ளச் சந்தை சுருங்கிற்று; ஆயினும் ஒழிந்திலது. கஞ்சா கலந்த இனிப்புக்களை அறியாது உண்டு மயங்கி மருத்துவமனைக்குக் கொணரப்படும் சிறு குழந்தைகளின் தொகை ஏறிற்று. சரக்கின் வன்மையும் கருதத்தக்கது. அமெரிக்காவிற் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் மயக்கந்தரும் சத்து 1995-ல் ஏறத்தாழ நூற்றுக்கு 4 பங்கு. இருபதாண்டு கழிந்தபின் 15 பங்கையொட்டி நின்றது. 1894-ஆம் ஆண்டுக் குழுவினர் ஆராய்ந்த சரக்கன்று இது. மருத்துவர் கூறுவதும் கேண்மின். நுகர்வோரிற் பத்தில் ஒருவர் அளவில் அதற்கு அடிமையாகின்றனர். பதின்பருவத்தில் தொடங்கியவரில் ஆறில் ஒருவர். வன்மை மிக்க சரக்கை நாடோறும் நுகர்வார்க்கு மனநோய் தோன்றும் இடர் மிகுதி.

தாய்லாந்து நமக்கு அணிமையிலுள்ள நாடு. அது 2022 ஜூன் 9-ஆம் நாள் கஞ்சாவைப் போதைப்பொருட் பட்டியலினின்று நீக்கிற்று. ஒழுங்குமுறைச் சட்டம் பின்னர் வரும் என்றனர். கடைகள் முன்னர் வந்துவிட்டன. ஆயிரக்கணக்கிற் பெருகிய அக்கடைகளைக் கண்டஞ்சி, 2025 ஜூனில் மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என அந்நாடே திரும்பிற்று. திறந்த கதவைச் சாத்துதல் திறத்தலினும் அரிது என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

நம் ஜில்லா கற்ற பாடம்

அன்பர்களே! இவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டா. கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காடு ஜில்லாவே நமக்குப் பள்ளிக்கூடம். 1937-ல் இராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார்; அவ்வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939-ல் விற்பனை வரி வந்தது. 1948-ல் மாகாணம் முழுதும் விலக்குப் பரவிற்று. 1971-ல் தளர்ந்தது, 1974-ல் மீண்டது, 1981-ல் மறுபடியுந் தளர்ந்தது, 2003-ல் அரசே சில்லறைக் கடை நடத்தத் தொடங்கிற்று. 2023-24-ஆம் ஆண்டில் மதுவால் அரசிற்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். கள்வருவாய்க்கு ஈடாக வந்த வரியும் நின்றது. போன வருவாயும் பன்மடங்காக மீண்டது. வருவாயின் சுவை கண்ட அரசு எதுவாயினும், எக்கட்சியினதாயினும், அதனை எளிதில் உமிழாது. கஞ்சாக் கடை திறப்பின் அதுவும் இவ்வழியிலேயே செல்லும்.

சட்டப்படி விற்பின் கள்ளச்சரக்கு ஒழியும் என்று இளைஞர் கூறுகின்றனர். 2023 மே திங்களில் மரக்காணத்தையடுத்த எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனிற் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் நிகழ்ந்தவற்றை மறந்தீரோ? இரண்டும் பழைய தென்னார்க்காட்டு ஊர்களே. கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதின்மர்க்கு மேல் மாண்டனர். மெத்தனால் கலந்த சாராயம் அவர்களைக் கொன்றது. அப்போது அரசின் மதுக்கடைகள் மூடியிருந்தனவா? திறந்தே இருந்தன. பின் ஏன் குடித்தனர்? கடைச்சரக்கு விலை மிகுதி; கள்ளச் சாராயம் மலிவு. கூலியாளின் மடியிலிருந்த பணம் அதற்குத்தான் போதும். ஆகவே கடை திறத்தலால் மட்டும் கள்ளச்சரக்கு மறையாது. வரியைக் கூட்டினாற் கள்ளச்சரக்கு வாழும். வரியைக் குறைத்தால் நுகர்வு பெருகும். இவ்விருதலைக் கொள்ளியினின்று தப்பும் வழியைச் சட்டநீக்கம் வேண்டுவோர் இன்னும் காட்டிற்றிலர்.

இது கேட்டு மூத்தோர் மகிழ்தல் வேண்டா. தடையாலுங் கஞ்சா மறைந்ததோ? ஆந்திர ஒடிய எல்லை மலைகளினின்று இரயிலிலும் இலாரியிலும் அது வந்துகொண்டேயிருக்கின்றது. 2019-ல் நடுவணரசு வெளியிட்ட கணக்கின்படி, ஓராண்டிற்குள் கஞ்சா, சரஸ் இவற்றை நுகர்ந்தோர் நாட்டில் 1.3 கோடியர். அத்தனை பேரையும் அடைக்கச் சிறையுண்டோ? இல்லையெனின், அகப்பட்டவன் மட்டும் அடைபடுவான். அகப்படுபவன் யார்? வழக்கறிஞர் இல்லாதவன், நம் பிள்ளை போன்றவன்.

யான் பயிற்றிய மாணவன் ஒருவன். வெண்பா யாத்தலில் வல்லவன். தோழனொருவன் தந்த சிறு பொட்டலம் சட்டைப்பையில் இருக்க அகப்பட்டான். எடை சில கிராம். வழக்கு முடியுமுன் ஈராண்டு கழிந்தன. கல்லூரி நின்றது; வேலைக்கு விண்ணப்பித்தவிடமெல்லாம் காவல் நிலையச் சான்று குறுக்கே நின்றது. அவன் தாய் திருமண வீடுகளுக்குச் செல்வதையே விட்டுவிட்டாள். பொட்டலம் கொடுத்தவனோ, அதனை மலையினின்று இறக்கியவனோ இன்றளவும் அகப்பட்டிலன். கஞ்சா அவனுக்குச் செய்த தீங்கு சிறிது. வழக்குச் செய்த தீங்கு பெரிது. இப்போது சங்கமும் அவனைத் தள்ளுமாயின் அவன் எவரிடஞ் செல்வான்? தள்ளப்பட்டவனைத் தழுவக் காத்திருப்பவன் ஒருவனே உளன். அவன் சரக்கு விற்பவன்.

என் முடிவு

விற்றல் வேறு, நுகர்தல் வேறு. இரண்டையுங் கூட்டிக் குழப்பியதே இவ்வாதத்தின் பிணக்கிற்குக் காரணம். போர்ச்சுகல் நாடு 2001-ல் இவ்விரண்டையும் பிரித்தது. விற்பவனுக்குச் சிறை, தன் நுகர்விற்குச் சிறிது வைத்திருப்பவனுக்கு மருத்துவரும் நல்லுரையாளரும் அமர்ந்த குழு. அந்நெறியே நமக்கும் ஏற்கும் என்பது என் கருத்து. நம் சட்டத்திலும் அதற்கு ஒரு வாயில் முன்னரே உண்டு. சிறிய அளவுக் குற்றத்திற்கு உட்பட்ட அடிமைப்பட்டவன் தானே முன்வந்து அரசு ஏற்ற மருத்துவமனையில் மருத்துவம் பெறுவானாயின், 64-ஏ பிரிவு அவனை வழக்கினின்று காக்கின்றது. இப்பிரிவை நம்முள் அறிந்தார் எத்துணையர்?

ஆகவே இரு தீர்மானங்களுக்கும் யான் திருத்தங் கூறுகிறேன். இளைஞரே! தடையை அடியோடு நீக்குக என்பதை விடுத்து, விற்பனைத் தடை நிற்க, சிறிய அளவு வைத்திருப்பார்க்குச் சிறையை நீக்கி மருத்துவம் தருக என வேண்டுவீராக. சித்த மருத்துவர் முறைப்படி கையாளுதற்குரிய வழியும் விளங்க வகுக்கப்படுக எனச் சேர்ப்பீராக. மூத்தோரே! உதவித்தொகையை நிறுத்தும் தீர்மானத்தைத் திரும்பப் பெறுவீராக. அதற்கு ஈடாக, அத்தகைய மாணவனோடு சங்கத்துப் பெரியோர் இருவர் மருத்துவமனைக்குத் துணைசெல்வதென்றும், அவன் மருத்துவம் பெறுங்காறும் தொகை நில்லாதென்றும் விதி செய்வீராக. 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் போதை மீட்பிற்கென நடுவணரசு வைத்தது. அதனை நம் வெளியீட்டின் முகப்பில் திங்கள்தோறும் அச்சிடலாம். செலவு ஒன்றுமில்லை.

ஒரு கூட்டம் தன் மானத்தைக் காப்பது பிழைத்த பிள்ளையை வெளியே தள்ளிக் கதவடைப்பதனாலன்று. அவன் மீண்டுவரும் வழியில் விளக்கேற்றி வைப்பதனாலேயாம். வாக்களிக்குமுன் இதனை எண்ணுமாறு உங்களை வேண்டி அமைகின்றேன்.