பந்தியில் அம்மாவுக்கும் ஓர் இடம்

(பங்குக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பேசுவதற்கு எத்தனையோ பெரிய பொருள்கள் உண்டு. நாம் எடுத்துக்கொண்டதோ ஒரு சாப்பாட்டுக் காரியம். டிசம்பர் 31-ஆம் தேதி இரவு நம் வீடுகளில் நடக்கும் ஆண்டு இறுதி விருந்தைப் பற்றித்தான் பேசப்போகிறோம். ஒரு குடும்பம் எப்படி வாழ்கிறது என்று அறிய அதன் பந்தியைப் பார்த்தால் போதும். யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நின்றுகொண்டிருக்கிறார்கள், யார் அங்கே வரவே இல்லை என்பதில் எல்லாம் தெரிந்துவிடும்.

அந்த நாளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். விடியற்காலையில் கறிக்கடையில் கூட்டம். பத்து மணிக்கு வெங்காயம் உரிக்கத் தொடங்கும் தாய், மாலை ஆறு மணி வரை அடுப்படியை விட்டு நகர்வதில்லை. ஏழு மணிக்கு உறவினர் வருகிறார்கள். ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் முதல் பந்தி. வந்த பெண்களுக்கு இரண்டாம் பந்தி. அதற்குள் கோவில் மணி அடித்துவிடுகிறது. பரிமாறிய தாய் சட்டியின் அடியில் ஒட்டியதை இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, நனைந்த சேலையை மாற்றிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகப் பூசைக்கு வருகிறாள். ஆராதனையில் அவள் கண்ணயர்ந்தால் அது பக்திக் குறைவா? அவள் வீட்டு விருந்தின் குறை அல்லவா?

ஆகவே நாம் சொல்ல வந்தது ஒன்றே. விருந்தைச் சமைத்தவளும் அந்த விருந்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்கு என்ன வழி என்று பார்ப்போம்.

முதலாவது, நேரம். பழைய தலைமுறையினருக்கு நினைவிருக்கும்: 1953 வரை நன்மை வாங்குவோர் நள்ளிரவு முதல் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்பது ஒழுங்கு. அந்த ஆண்டில் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீருக்கு விலக்குத் தந்தார். 1957-இல் உணவுக்கு மூன்று மணி நேரம் என்று தளர்த்தினார். 1964-இல் ஆறாம் சின்னப்பர் அதை ஒரு மணி நேரமாக்கினார். ஆகவே இரவு ஏழரை மணிக்கு அமர்ந்து ஒன்பது மணிக்கு எழுந்துவிட்டால், ஆராதனைக்கும் நள்ளிரவுப் பூசைக்கும் அவசரமின்றிப் போகலாம். பூசை முடிந்து வந்து அதிகாலை இரண்டு மணிக்கு இலை போடும் வீடுகளும் உண்டு. பிள்ளைகள் தூங்கி விழ, முதியவர்கள் பசியோடு மாத்திரை விழுங்க, அந்த விருந்து யாருக்காக?

ஏழரைக்கு அமர வேண்டுமானால் வேலையைப் பல நாளாகப் பங்கிட வேண்டும். முறுக்கு, அதிரசம், அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து ஆகியவை கிறிஸ்து பிறப்பு விழாவுக்கே செய்தாயிற்று. புதிதாக ஒன்றும் வேண்டாம். 30-ஆம் தேதியே மசாலாப் பொருள்களை வறுத்துப் பொடித்து, இஞ்சி பூண்டை அரைத்து வைக்கலாம். 31-ஆம் தேதி நண்பகலில் கறியைத் தயிரில் ஊற வைத்து, நான்கரை மணிக்கு அடுப்பை மூட்டினால் ஏழு மணிக்குப் பிரியாணி தம்மிலிருந்து இறங்கும். அதோடு தயிர்ப் பச்சடி, ஒரு கத்திரிக்காய்க் கூட்டு, ஒரு பாயசம். இவ்வளவு போதும். ஐந்து வகைக் கறி வைத்தால்தான் கௌரவம் என்று நாமே நம் வீட்டுப் பெண்களின் முதுகில் சுமை ஏற்றியிருக்கிறோம்.

இரண்டாவது, கைகள். வெங்காயம் உரிப்பது, தேங்காய் துருவுவது, தண்ணீர் பிடித்து வைப்பது, இலை நறுக்குவது, அண்டா கழுவுவது ஆகிய இவையெல்லாம் ஆண்களுக்கும் பையன்களுக்கும் தெரியாத வித்தைகள் அல்ல. கோவில் திருவிழா அசனத்தில் பெரிய அண்டாக்களைக் கிளறுபவர்கள் நம் ஆண்கள்தாமே! ஊருக்குச் சமைக்கத் தெரிந்தவர்களுக்கு வீட்டுக்குச் சமைக்க மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று? உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் சீடர்களுக்குத் தம் கையாலேயே கரிநெருப்பு மூட்டி மீனும் அப்பமும் ஆயத்தம் செய்தார் என்று அருளப்பர் நற்செய்தியின் இறுதி அதிகாரம் கூறுகிறது. அவர்கள் பிடித்த மீனிலும் சிலவற்றைக் கொண்டு வரச் சொன்னார். நம் விருந்திலும் அப்படியே செய்யலாம். வருகிற தங்கை வீட்டார் பாயசத்தையும் மைத்துனர் வீட்டார் பச்சடியையும் கொண்டு வரட்டும். அது விருந்தளிப்பவருக்குக் குறைவாகாது.

சமைத்ததை நடுவில் வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் அமர்ந்து, ஒருவருக்கொருவர் எடுத்துக் கொடுத்துச் சாப்பிட்டால் இரண்டாம் பந்திக்கு வேலையே இல்லை. வீடு சிறிதென்றால் பாய் விரிப்போம். மொட்டை மாடி இருந்தால் அங்கே அமர்வோம்.

மூன்றாவது, அழைப்பு. போலந்து நாட்டுக் கத்தோலிக்கர் டிசம்பர் 24-ஆம் தேதி மாலை, வானில் முதல் விண்மீன் தெரிந்த பின்பே இராவுணவுக்கு அமர்வது மரபு. அன்று இறைச்சி இல்லை. மெல்லிய அப்பத்தை ஒருவரோடொருவர் பிட்டுக்கொண்டு வாழ்த்துச் சொல்கிறார்கள். எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கென்று ஒரு தட்டைக் கூடுதலாக வைக்கிறார்கள். நாமும் ஓர் இலை கூடுதலாகப் போடுவோம்; ஆனால் அந்த இலைக்குரியவரை முன்கூட்டியே தேடிப் போவோம்.

அவர் யார்? இந்த ஆண்டில் சாவு விழுந்த வீட்டார் பலகாரம் சுடுவதில்லை, பண்டிகை கொண்டாடுவதில்லை. நாம் ஒரு தட்டில் பலகாரத்தைக் கொடுத்துவிட்டு, துக்க வீடு என்று அழைக்காமல் வந்துவிடுகிறோம். கணவனை இழந்த பெண்ணுக்கு ஆண்டின் கடைசி இரவு எவ்வளவு நீளமானது! நேரில் போய், "எங்களோடு வந்து சாப்பிடுங்கள் அக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்க, தனியே கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் முதியவர்களும் நம் தெருவில் உண்டு. நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாவுக்கு மிஞ்சியதைத் தூக்குச்சட்டியில் கொடுத்துக் கொல்லை வழியே அனுப்புகிறோமே, அவர்களுக்கும் நம் பந்தியில் இடமுண்டு.

நான்காவது, அளவு. பிரியாணிக்கு ஒரு கிலோ அரிசி போட்டால் எட்டு முதல் பத்துப் பேர் சாப்பிடலாம். பன்னிரண்டு பேருக்கு ஒன்றரைக் கிலோ அரிசியும் இரண்டு கிலோ கறியும் தாராளம். வட்டிக்கு வாங்கி விருந்து வைத்துவிட்டு, தை மாதம் முழுவதும் கடன்காரருக்குப் பதில் சொல்லி நிற்பவர்களும் பெண்கள்தாம். கறி விலை கட்டவில்லையென்றால் முட்டைக் குழம்பு வைப்போம். மிஞ்சியதைக் கோவிலுக்குப் புறப்படுமுன்பே குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். சமைத்த சோறு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடந்தால் அதில் ஒருவகைக் கிருமி வளரும். அது உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது.

ஐந்தாவதாக ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மதுப்புட்டி வந்த வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் உள்ளறைக்குப் போய்விடுகிறார்கள். கானாவூரில் ஆண்டவரே திராட்சை இரசம் தந்தாரே என்று வாதிடும் சகோதரர்கள், அங்கே குறையைக் கண்டு முதலில் வாய் திறந்தவர் ஒரு தாய் என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும். நம் வீட்டுத் தாய், "இன்று வேண்டாம்" என்று சொல்லும் குறையையும் கேட்க வேண்டாமா? அவள் அஞ்சி நடுங்கும் இரவை விருந்து என்று எப்படிச் சொல்வது?

அன்பர்களே! ஜனவரி முதல் நாளை இறைவனின் தாயாகிய மரியாளின் பெருவிழாவாகத் திருச்சபை கொண்டாடுகிறது. 1968 முதல் அதே நாள் உலக அமைதி நாளாகவும் இருக்கிறது. ஒரு தாயைப் போற்ற நள்ளிரவில் கோவிலுக்குப் போகும் நாம், அதற்கு முன் நம் வீட்டுத் தாயை உட்கார வைத்து, அவளுக்கு முதல் கவளத்தைப் பரிமாறிவிட்டுப் போவோம். வரும் டிசம்பர் 31-ஆம் தேதி ஏழரை மணிக்குச் செபம் சொல்லி அமரும்போது, அடுப்படியில் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்ப்போம். நின்றால், அவர் வந்து அமரும்வரை ஒருவரும் இலையில் கை வைக்க வேண்டாம்.

மரியே வாழ்க!