திருமலைக் குன்றில் ஒரு விளக்கு

சமணக் கோயில் என்றதும் பலருக்கு ராஜஸ்தானத்துப் பளிங்கு மண்டபங்கள்தான் நினைவுக்கு வரும். இன்று நாம் போவது திருவண்ணாமலை மாவட்டத்துத் திருமலைக்கு. போளூர், ஆரணிப் பக்கம் வடமாதிமங்கலத்தை ஒட்டிய சிற்றூர். வயல்வெளிக்கு நடுவே ஒரு பாறைக் குன்று, அவ்வளவுதான்.

படியேறினால் பாறையிலேயே செதுக்கிய நேமிநாதர், சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களில் ஒருவர். சிகாமணிநாதர் என்றும் சொல்வார்கள். சுமார் 16 அடி உயரம். ஆடையில்லை, அணியில்லை, நேராக நின்ற கோலம். அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். இயற்கைக் குகைக்குள் சுவர் எழுப்பிக் கட்டிய அறைகளில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சபையான சமவசரணத்தை வட்டமாகத் தீட்டியிருக்கிறார்கள். நிறம் பாதி போய்விட்டது; இருந்தாலும் நின்று பாருங்கள்.

என்னை அங்கே கட்டிப்போட்டது கல்வெட்டுகள்தான். சோழ மன்னன் ராஜராஜனின் தமக்கை குந்தவையின் பெயரால் இங்கே ஒரு ஜினாலயம், அதாவது சமணக் கோயில், உண்டு. சிவபக்தியில் ஊறிய குடும்பம், சமணப் பள்ளிக்கும் கை கொடுத்திருக்கிறது. ராஜேந்திர சோழன் காலத்துப் பாறைக் கல்வெட்டு ஒன்றில் ஈழம், வங்காளம், கங்கை என்று அவன் வென்ற நாடுகள் வரிசையாக வருகின்றன. வரலாற்றுப் புத்தகங்களில் இந்தப் பட்டியலுக்குத் தனி மதிப்பு. ஆனால் கல்லில் எழுத வந்த செய்தி வேறு! நன்னப்பயன் என்ற வணிகரின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் நந்தாவிளக்கு என்னும் அணையா விளக்கு எரிக்க 20 காசும் அமுதுபடிக்கு 10 காசும் கொடுத்தார். அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

இன்னொரு கல்வெட்டு ராஜராஜனின் 21ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. குணவீர மாமுனிவர் ஒரு சமண ஆசிரியர் பெயரால் ஏரிக்குக் கலிங்கு கட்டியதைச் சொல்கிறது. துறவிக்கு ஏரிப் பாசனத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இந்த வட்டாரத்தில் ஏரி இல்லாவிட்டால் சோறு இல்லை.

இங்குள்ள சமணர்கள் வடக்கிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள் அல்லர். தமிழே பேசி, தலைமுறை தலைமுறையாக உழுது வாழ்கிற நயினார்கள். பொழுது சாய்வதற்குள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவது அவர்கள் வழக்கம்.

காலையிலேயே ஏறிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை காலைச் சுடும். குகை பூட்டியிருந்தால் கீழே கேளுங்கள். மிச்சப் பொழுதுக்கு வந்தவாசி பக்கம் பொன்னூர் மலை இருக்கிறது. சமண ஆசாரியர் குந்தகுந்தரின் திருவடி வணங்கப்படும் இடம். பட்டுச்சேலை வாங்க ஆசையிருந்தால் ஆரணி வழியாகத் திரும்புங்கள்.