சர்வதேச உறவுகள் பட்டம்: செலவும் வரவும்

(உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்று கேட்கும் பிள்ளைகளில் சிலர் இப்போது 'சர்வதேச உறவுகள்' என்கிறார்கள். நான் கடலோரப் பள்ளி ஒன்றில் அரசியல் அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு இது தொலைவில் உள்ள பாடம் அல்ல. 1974, 1976 ஆம் ஆண்டுகளில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட கடல் எல்லை ஒப்பந்தங்கள்தாம், அவர்களுடைய அப்பா எதுவரை போய் வலை வீசலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. அதனால், "அதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. யோசிக்காமல் "சேர்ந்துகொள்" என்றும் சொல்ல முடியாது. நம் சொல்லை நம்பி நகையை அடகு வைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள்.

முதலில் செலவைப் பார்ப்போம். இத்துறையில் நாட்டின் பழைய கல்வி நிறுவனங்களுள் ஒன்று 1955 இல் டெல்லியில் தொடங்கப்பட்டு, 1970 இல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. அங்கே முதுகலைக்கான கற்பிப்புக் கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். விடுதிச் சாப்பாடும் ரயில் டிக்கெட்டுமே பெரிய செலவு. நமக்கு அருகில், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் இதற்கென ஒரு துறை இருக்கிறது. இதே பாடத்துக்குத் தனியார் பல்கலைக்கழகங்கள் சில, ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் வாங்குகின்றன. அமெரிக்காவின் முன்னணித் தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 50,000 டாலரைத் தாண்டுகிறது.

கடன் வாங்கிப் படித்தால்? 10 லட்சம் ரூபாய், 10 சதவீத வட்டி, 10 ஆண்டுத் தவணை என்று வையுங்கள். மாதம் சுமார் 13,200 ரூபாய் கட்ட வேண்டும். முடிக்கும்போது கட்டிய தொகை 15 லட்சத்து 85 ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை.

இனி வரவு. இந்தப் பட்டம் என்றதும் பிள்ளைகள் மனத்தில் எழுவது தூதர் பதவி. இந்திய வெளியுறவுப் பணிக்கு வழி, யு.பி.எஸ்.சி. நடத்தும் குடிமைப் பணித் தேர்வு. அதை எழுத ஏதேனும் ஒரு பட்டம் போதும். வெளியுறவுச் செயலராக இருந்த நிருபமா ராவ் படித்தது ஆங்கில இலக்கியம். அதே பதவியில் இருந்த ஜெய்சங்கர், சர்வதேச உறவுகளில் முனைவர் பட்டம் பெற்றவர். இருவருமே தேர்வு எழுதித்தான் உள்ளே போனார்கள். தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய். ஆனால் நாடு முழுவதிலுமிருந்து ஆண்டுக்குச் சில பத்துப் பேரைத்தான் இப்பணிக்கு எடுக்கிறார்கள். பட்டம் அந்த இடத்துக்கு உறுதி தராது.

மற்ற வேலைகள் ஆய்வு நிறுவனங்கள், செய்தி ஊடகங்கள், தொண்டு நிறுவனங்கள், ஏற்றுமதி நிறுவனங்கள் ஆகியவற்றில் உள்ளன. பல வேலைகள் டெல்லியில். தொடக்கத்தில் சம்பளமில்லாத பயிற்சியாகவும் இருக்கலாம். அறை வாடகையை அப்போது யார் கொடுப்பது என்று வீட்டில் கேட்க வேண்டும். ஐ.நா. அமைப்புகளின் சர்வதேசப் பணியிடங்களுக்குப் பெரும்பாலும் முதுகலைப் பட்டமும் பணி அனுபவமும் கேட்கிறார்கள். ஆராய்ச்சியில் நாட்டமுள்ளவர் நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், முனைவர் பட்ட ஆய்வின் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும்.

இந்தக் கணக்கில் செலவு நிச்சயம், வரவு நிச்சயமில்லை. நிச்சயமான பக்கத்தைச் சிறிதாக வைத்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கிறது.

சென்ற ஆண்டுகளில் ஒரு மீனவர் மகள் இதே கேள்வியுடன் வந்தாள். அவளையும் அப்பாவையும் உட்காரவைத்து, மேலே சொன்ன தவணைக் கணக்கைக் கரும்பலகையில் போட்டோம். "இத்தனை மாசம் கடலுக்குப் போகணுமா, சார்?" என்றார் அப்பா. பக்கத்து அரசுக் கல்லூரியில் இளங்கலை அரசியல் அறிவியல் சேர்ந்தாள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இப்போது முதுகலை நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். கூடவே பிரெஞ்சும் கற்கிறாள். நாளை என்ன ஆவாள் என்று இன்றே சொல்ல முடியாது. ஆனால் அவள் படிப்புக்காக அந்த வீட்டில் கடன் இல்லை.

பெயர் புதிதாக உள்ள இளங்கலைப் பட்டங்களில் இன்னொரு சிக்கல், நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பின்னாளில் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்தால், அப்பட்டம் அரசியல் அறிவியலுக்கு இணையானது என்று காட்ட அரசாணை கேட்பார்கள். சேரும் முன்பே அதைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கேட்டு வரும் பிள்ளையிடம் நாம் மூன்று கேள்விகள் கேட்கலாம். இதே படிப்பு அரசு நிறுவனத்தில் உண்டா? கடன் வாங்கினால் மாதத் தவணை எவ்வளவு, முதல் வேலையில் கிடைக்கக்கூடிய சம்பளம் அதைத் தாங்குமா? நினைத்த வேலை கிடைக்காவிட்டால், இந்தப் பட்டத்துடன் கைகொடுக்க ஒரு மொழியோ, நல்ல எழுத்துத் திறனோ, புள்ளிவிவரம் கையாளும் பயிற்சியோ இருக்குமா?

குடிமைப் பணித் தேர்வை நாடும் பட்டதாரிகளுக்கு, நான் முதல்வன் திட்டத்தில் மதிப்பீட்டுத் தேர்வு வைத்து 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து, முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதங்கள் தரும் ஏற்பாடு உள்ளது. இதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

இந்தக் கணக்கைப் போட்டுக்காட்ட அரை மணி நேரம் போதும். வரும் உயர்கல்வி வழிகாட்டி வகுப்பில் ஒருமுறை பெற்றோரையும் வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள்.