கையெழுத்திடத் தயங்கிய கை

2020 ஜூன் 28. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு, காவலில் இறந்த தந்தை, மகன் இருவரைப் பற்றிய விசாரணைக்காக வந்திருந்தார் கோவில்பட்டி நீதித்துறை நடுவர் எம்.எஸ்.பாரதிதாசன். அங்கே பணியாற்றிய தலைமைக் காவலர் ரேவதி அவரிடம் வாக்குமூலம் கொடுத்தார். ஜூன் 19 இரவு ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் விடிய விடிய அடித்தார்கள். லத்திகளிலும் மேசையிலும் ரத்தக் கறை இருக்கிறது. அழித்துவிடுவார்கள், உடனே கைப்பற்றுங்கள். இவ்வளவையும் சொன்னவரிடம் கையெழுத்துக் கேட்டபோது கை நின்றுவிட்டது. பாதுகாப்புக்கு உறுதி கிடைத்த பிறகே அவர் ஒப்பமிட்டார் என்று உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையில் நடுவர் எழுதினார்.

இன்றைய பொழிவு அந்தத் தயக்கத்தைப் பற்றியது. ரேவதியின் துணிவைப் பாராட்டிப் பல மேடைகள் பேசிவிட்டன. பாராட்டு தவறில்லை. ஆனால் சீருடை அணிந்த ஒருவர் கண்ணால் கண்டதைச் சொல்வதற்கே வீரம் வேண்டியிருக்கிறது என்றால், அந்த அமைப்பைப் பற்றிய விசாரணையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவர் பயந்ததில் வியப்பு ஒன்றுமில்லை. வாக்குமூலம் பதிவானபோது வெளியே நின்ற காவலர்கள் உள்ளே நடக்கும் பேச்சுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லத்தியை ஒப்படைக்கச் சொன்னபோது ஒரு காவலர் சுவரேறிக் குதித்து ஓடினார். இன்னொருவர் நடுவரையே மரியாதையின்றிப் பேசி, உன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்ற பொருளில் எள்ளினார். நீதித்துறை அதிகாரிக்கே இந்த வரவேற்பு என்றால், மறுநாள் காலை அதே நிலையத்தில் வருகைப் பதிவுக்கு நிற்க வேண்டிய ஒரு பெண் தலைமைக் காவலர் எதை நம்பிக் கையெழுத்திடுவார்?

காவல் துறையில் வாய் திறந்தவரைத் தண்டிக்கப் பெரிய ஆணை எதுவும் தேவையில்லை. ஆயுதப்படைக்கு மாற்றலாம். குடும்பத்தை விட்டு மாவட்டத்தின் மறுகோடிக்கு அனுப்பலாம். ஆணையில் ‘நிர்வாக நலன் கருதி’ என்று மூன்று சொற்கள் இருந்தால் போதும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஓய்வில்லாமல் பந்தோபஸ்து போடலாம். பழைய கோப்பு ஒன்றைத் தூசி தட்டி மெமோ கொடுக்கலாம். அதிகாரியாக இருந்தால் காத்திருப்போர் பட்டியல் என்ற நாகரிகமான ஏற்பாடும் உண்டு. இவற்றில் எதையும் பழிவாங்கல் என்று நிரூபிப்பது எளிதல்ல. ஆனால் நிலையத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் சேதி போய்ச் சேர்ந்துவிடும்.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. அல் பச்சினோ நடித்து 1973இல் வந்த ‘செர்பிகோ’ படத்தை இந்த அவையில் சிலராவது பார்த்திருப்பார்கள். அந்த ஃபிராங்க் செர்பிகோ 1959இல் நியூயார்க் காவல் துறையில் சேர்ந்தவர். சாதா உடைப் பிரிவில் சூதாட்டக்காரர்களிடமிருந்து மாதா மாதம் மாமூல் வசூலாகிப் பங்கு பிரிக்கப்படுவதைப் பார்த்தார். அவர் கைக்கும் 300 டாலர் உறை ஒன்று வந்தது. மேலதிகாரிகளிடம் போனார், மேயர் அலுவலகம் வரை தகவல் எட்டியது. எங்கும் கதவு திறக்கவில்லை. வற்புறுத்தினால் ஈஸ்ட் ஆற்றில் குப்புற மிதக்க நேரும் என்று ஓர் அதிகாரி எச்சரித்ததாகச் செர்பிகோ பின்னர் சாட்சியம் சொன்னார்.

ஆண்டுகள் ஓடின. 1970 ஏப்ரல் 25 அன்று டேவிட் பர்ன்ஹாம் எழுதிய செய்தி நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் வந்தது. அதுவரை அசையாத நகராட்சி உடனே அசைந்தது. மேயர் ஜான் லிண்ட்சே விசாரணைக் குழு அமைத்தார். விட்மன் நாப் தலைமையில் அது நாப் ஆணையம் ஆனது. அந்த விசாரணை நடக்கும்போதே, 1971 பிப்ரவரி 3 இரவு, புரூக்ளினில் போதைப்பொருள் சோதனைக்குப் போன செர்பிகோ கதவிடுக்கில் சிக்கிக்கொண்டார். உடன் வந்த காவலர்கள் உதவவில்லை. முகத்தில் குண்டு பாய்ந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னவர் அக்கட்டடத்தில் குடியிருந்த ஒரு முதியவர். மருத்துவமனைக்கு வந்த வாழ்த்து அட்டைகளில் சில அவர் செத்துத் தொலைய வேண்டும் என்று விரும்பின. அவருக்கு ஒரு காது கேட்காமலே போயிற்று.

நாப் ஆணையம் லஞ்சக் காவலர்களை இரண்டு வகையாகப் பிரித்தது. தேடிப் போய் வேட்டையாடுகிறவர்கள் இறைச்சி தின்னிகள். வந்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பவர்கள் புல் தின்னிகள். ஆணையம் அதிகம் கவலைப்பட்டது இரண்டாம் வகையைப் பற்றி. லஞ்சத்துக்கு மரியாதை தேடித் தருகிறவர்கள் அவர்களே. வேட்டைக்காரர்கள் சிலர்தான், மேய்கிறவர்களோ நிலையம் நிறைய இருந்தார்கள். சாத்தான்குளத்தில் அன்றிரவு அடித்தவர்கள் யார் என்பது வழக்கின் கேள்வி. அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே தங்கள் வேலையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பதைக் குற்றப்பத்திரிகை எதுவும் கேட்பதில்லை.

செர்பிகோ 1972இல் ஓய்வு பெற்றார். துறையின் உயரிய பதக்கத்தை விழா ஏதுமில்லாமல் ஒரு மேசைக்கு மேலாக நீட்டினார்கள், சிகரெட் பாக்கெட்டைத் தருவதுபோல என்பார் அவர். அதற்குரிய சான்றிதழ் வந்து சேர்ந்தது 2022 பிப்ரவரியில். இடையில் ஐம்பது ஆண்டுகள்.

அயர்லாந்தின் மோரிஸ் மெக்கேப் கதையில் துப்பாக்கி இல்லை, வதந்தி இருந்தது. கேவன் மாவட்டத்தில் சார்ஜண்டாக இருந்த அவர், வேண்டியவர்களுக்குப் போக்குவரத்து அபராதப் புள்ளிகள் ரத்து செய்யப்படுவதை வெளியில் சொன்னார். 2014 ஜனவரியில் நாடாளுமன்றக் குழு முன் காவல் ஆணையர் மார்ட்டின் காலினன், அப்படி வெளியில் சொன்னதை அருவருப்பான செயல் என்றார்; அச்சொல் கிளப்பிய சர்ச்சைக்கிடையே இரண்டே மாதத்தில் பதவி விலகினார். இதற்கிடையே சிறார் நல அலுவலகக் கோப்பு ஒன்றில் மெக்கேப் பெயருக்கு நேரே மிகக் கொடிய பாலியல் குற்றச்சாட்டு ஏறியிருந்தது. வேறொரு வழக்கின் வாசகம் தவறுதலாக இங்கே ஒட்டப்பட்ட எழுத்தர் பிழை அது. 2018 அக்டோபரில் நீதிபதி சார்ல்டன் ஆணையம், காலினனும் துறையின் செய்தித் தொடர்பு அதிகாரியும் மெக்கேப்பின் பெயரைக் கெடுக்க அவதூறு பரப்பினார்கள் என்று முடிவு சொன்னது. அதே மாதம் மெக்கேப் வேலையை விட்டுப் போய்விட்டார்.

மனக்கசப்பில் பொய்ப்புகார் தரும் காவலர்களும் இருக்கிறார்களே என்று மூத்த அதிகாரிகள் கேட்பது உண்டு. நியாயமான கேள்விதான். மெக்கேப் சொன்ன அனைத்தும் நிரூபணமாகவில்லை; 2016இல் ஓஹிகின்ஸ் ஆணையம் அதைப் பதிவு செய்தது. உண்மையான அக்கறையால்தான் அவர் பேசினார் என்றும் அதே ஆணையம் சொன்னது. புகாரில் பிழை இருந்தால் விசாரணையில் தெரியும். விசாரணைக்கு முன்பே புகார்தாரரை ஒழித்துக்கட்டினால் எதுவும் தெரியாது.

திரும்பவும் சாத்தான்குளம். அங்கே நடந்தது ஏன் வழக்கமான முடிவை எட்டவில்லை? தந்தையும் மகனும் கைதானது, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி. பென்னிக்ஸ் ஜூன் 22 இரவும், ஜெயராஜ் மறுநாள் அதிகாலையும் இறந்தார்கள். நிலையத்துக் கண்காணிப்புக் கேமராவின் வன்தட்டில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், பதிவு அன்றன்றே அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. இயந்திரச் சாட்சி இல்லை. மனிதச் சாட்சிதான் மிச்சம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் பி.என்.பிரகாஷும் பி.புகழேந்தியும் தாமாகவே வழக்கை எடுத்து, தடயங்கள் மறையாமல் இருக்கக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் ஒப்படைக்கச் செய்தார்கள். காவல் நிலையத்துக்குத் தாசில்தார் காவல்! ரேவதிக்குப் பாதுகாப்பு அளிக்க உத்தரவிட்டார்கள். பத்துப் போலீஸார் கைதானார்கள். ஒருவர் கொரோனாவில் இறந்துவிட, மற்ற ஒன்பது பேர் மீது சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

செர்பிகோவுக்கும் ரேவதிக்கும் உள்ள ஒற்றுமை இதுதான்: உண்மை போய்ச் சேர்ந்தது துறைக்கு வெளியே இருந்த வாசல் வழியாக. அங்கே பத்திரிகை, இங்கே நீதித்துறை. வேறுபாடு, இங்கே அந்த வாசல் நாட்களுக்குள் திறந்தது. அங்கே ஆண்டுகள் ஆயின. ஆனால் இரண்டு உயிர் போய், நாடே கொதித்து, உயர் நீதிமன்றம் தாமாகவே முன்வந்தால்தான் திறக்கும் வாசலை வழி என்று சொல்ல முடியாது.

சட்டப்படியான வழி என்ன நிலையில் இருக்கிறது? பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் காவல் துறைப் புகார் ஆணையங்களை அமைக்கச் சொன்னது: மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவர், மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. தமிழ்நாடு 2013இல் சட்டம் இயற்றியது. அதில் மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர். மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர். காவல் துறையின் மீதான புகாரைக் காவல் துறையை நிர்வகிக்கும் துறையே கேட்கும். வீட்டுச் சண்டையை வீட்டுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளும் பழைய யோசனைக்குச் சட்டப் பிரிவு எண் கிடைத்ததுதான் மிச்சம்.

காவலர்கள் சங்கம் அமைக்கவும் பத்திரிகைகளிடம் பேசவும் 1966ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது. ஊழலையும் அதிகார முறைகேட்டையும் வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் 2014 மே மாதத்தில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. பத்தாண்டு கடந்தும் நடைமுறைக்கு வரவில்லை. ஆக, உள்ளே சொன்னால் மாற்றல், வெளியே சொன்னால் விதிமீறல்.

இந்த அவையில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், சட்ட மாணவர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற காவல் அதிகாரிகளும் சிலர் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2013 சட்டத்தை ஒரு முறை எடுத்துப் படியுங்கள். ஆணையத்தின் தலைவராக ஓய்வுபெற்ற நீதிபதியை அமர்த்தும்படி திருத்தவும், சீருடையில் இருப்பவர் அங்கே நேரே புகார் தர வழிசெய்யவும், புகார் தந்தவரை விசாரணை முடியும்வரை ஆணையத்தின் அனுமதியின்றி மாற்றக் கூடாது என்று சேர்க்கவும் உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள்.