தோள்பட்டை வலியைத் தள்ளிப் போடாதீங்க!

(மதுரை வட்டார மகளிர் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில் இயன்முறை மருத்துவர் சகோதரி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



முதல்ல ஒரு சின்ன வேலை. எல்லாரும் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்க பார்ப்போம். பின்வரிசையில மூணு பேர் பாதியிலேயே நிறுத்திட்டீங்க. ஒரு அம்மா இடது கையால வலது கையைப் பிடிச்சுத் தூக்குறாங்க. இன்னைக்கு நான் பேச வந்தது உங்களுக்காகத்தான்.

எங்க அம்மா மேலூர் பக்கம் சித்தாள் வேலை பார்த்தவங்க. ஒருநாள் சாந்துச் சட்டியோட சறுக்கி விழுந்து கையை ஊன்றிட்டாங்க. அன்னையிலிருந்து கையைத் தூக்க முடியலை. "சுளுக்குத்தான்டி, தைலம் தேய்ச்சாப் போயிரும்"னாங்க. குழுக் கடனுக்குத் தவணை கட்டணுமே, வேலைக்குப் போகாம எப்படி? எட்டு மாசம் கழிச்சுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. "கிழிஞ்ச நார் உள்ளே இழுத்துக்கிச்சு, தசையும் சூம்பிருச்சு. இனிமே தைச்சாலும் ஒட்டுறது கஷ்டம்"னு டாக்டர் சொல்லிட்டார். இன்னைக்கும் எங்க அம்மாவுக்கு நானோ என் தங்கச்சியோதான் தலை சீவி விடுறோம்.

தோள் மூட்டைச் சுத்தி நாலு தசைகள் இருக்கு. அதோட நுனியில இருக்கிற நார்தான் தசைநாண். இந்த நாலும் சேர்ந்து கை எலும்பின் உருண்டையைக் குழியில பிடிச்சு வைக்குது. இது கிழியறதைத்தான் நம்ம ஊர்ல "ஜவ்வு கிழிஞ்சிருச்சு"ன்னு சொல்றோம். விழுந்தாலும் கிழியும். 40 வயசுக்கு மேல, சுமை தூக்கித் தூக்கி, பழைய சேலை நைஞ்சு போற மாதிரி தானாகவும் கிழியும்.

கிழிசல் ஏற்பட்டா, பலருக்கு மூட்டின் உட்சவ்வும், நாருக்கு மேல இருக்கிற நீர்ப்பையும் வீங்கும். இதுக்குப் பேர்தான் அழற்சி. உள்ளுக்குள்ள இருக்கிறதால வெளியே வீக்கம் தெரியாமலே போகலாம். கிழிசல் பெருசா இருந்தா வலியும் பெருசா இருக்கும்னு இல்லை. பெரிய கிழிசல் இருந்தும் வலியில்லாம நடமாடுற வயசானவங்க உண்டு. சின்னக் கிழிசலுக்கே ராத்திரித் தூக்கம் போனவங்களும் உண்டு. அதுக்கு இந்த அழற்சி ஒரு முக்கிய காரணம்.

தோள் வலி எல்லாமே கிழிசல் இல்லை. நார் கிழிஞ்சிருந்தா நீங்களா கையைத் தூக்கச் சிரமமா இருக்கலாம், ஆனா அடுத்தவங்க பிடிச்சுத் தூக்கினா பெரும்பாலும் மேலே போகும். அடுத்தவங்க தூக்கினாலும் போகலைன்னா அது தோள் இறுக்கமா இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவங்களுக்கு இது அதிகமா வரும். எதுன்னு முடிவு சொல்ல வேண்டியது டாக்டர். எக்ஸ்ரேயில எலும்புதான் தெரியும்; நார் கிழிசலைப் பார்க்க ஸ்கேன் வேணும்.

கிழிஞ்ச எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. தேய்மானத்தால வந்த கிழிசல் உள்ள பலருக்கு, சுமையைக் குறைச்சு, சில வாரத்திலிருந்து மூணு மாசம் வரை முறையா பயிற்சி செஞ்சாலே வலி குறைஞ்சிரும். ஆனா விழுந்து அடிபட்டு, திடீர்னு கை தூக்க முடியாமப் போச்சுன்னா உடனே போங்க. அங்கே நாள் கடத்துறதுதான் ஆபத்து.

செய்யக்கூடாததும் சொல்லிடறேன். கையை இழுத்து உருவி விடச் சொல்லாதீங்க. கடையில வலி மாத்திரை வாங்கி மாசக் கணக்கில முழுங்காதீங்க. வயித்துல புண்ணு வரும், சிறுநீரகமும் கெடும். மூட்டுல போடுற ஸ்டீராய்டு ஊசி அழற்சியைக் கொஞ்ச நாள் அடக்கும், கிழிசலை ஒட்ட வைக்காது. அடிக்கடி போட்டா நாரே பலவீனமாகும். சர்க்கரை உள்ளவங்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும், முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லிருங்க.

மூட்டு சிவந்து சூடாகி காய்ச்சலும் இருந்தா அன்னைக்கே போகணும். இடது தோள் வலியோட நெஞ்சு இறுக்கம், வேர்வை, மூச்சு வாங்குறது வந்தா அது இதயமா இருக்கலாம். உடனே 108-க்குப் போன் பண்ணுங்க.

எங்கே போறது? முதல்ல பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து தேவைன்னா, நாம பெரியாஸ்பத்திரின்னு சொல்ற மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தா எடுத்துக்கிட்டுப் போங்க. உங்க சிகிச்சைக்குப் பொருந்துமான்னு அங்கேயே கேளுங்க. 2021-ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தர ஏற்பாடு செஞ்சாங்க. நடமாட முடியாதவங்க வீட்டுல இருந்தா சுகாதார நிலையத்துல விசாரிங்க.

கடைசியா குழுத் தலைவிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு உறுப்பினர் கை வலின்னு சொன்னா, "தவணை என்னாச்சு?"ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி "ஆஸ்பத்திரிக்குப் போனியா?"ன்னு கேளுங்க. தவணைக்கு ரெண்டு மாசம் தவணை கொடுத்தா குழு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. எங்க அம்மாகிட்ட அன்னைக்கு யாரும் அப்படிக் கேட்கலை. அவங்களும் வாய் திறந்து சொல்லலை.

கை தூக்க முடியாத அந்த மூணு அக்காவும், அந்த அம்மாவும் கூட்டம் முடிஞ்சதும் போயிராதீங்க. இங்கேயே இருங்க, பார்த்துட்டுப் போறேன்.