உயிரிணக்கமும் நான்காம் வேற்றுமையும்

கலைச்சொல் ஆக்கத்தில் வேற்றுமை உருபுக்குள்ள இடத்தை விளக்க, கதிர்வீச்சு ஆய்வகத்துச் சொல் ஒன்றை இன்று எடுத்துக்கொள்வோம்.

ஆல்பா துகள் உயிரணுவை எவ்வாறு தாக்குகிறது என்று ஆராய்வோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. 5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய துகள் நீரில் ஏறத்தாழ 40 மைக்ரோமீட்டரே செல்லும். ஆகவே, துகளின் தடத்தைப் பதிவுசெய்யும் பொருளின் மேலேயே உயிரணுக்களை வளர்க்கின்றனர். மூக்குக்கண்ணாடி வில்லைகள் செய்யப் பயன்படும் சிஆர்-39 என்னும் நெகிழி அத்தகையது. அதனைச் சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அரித்தால், துகள் சென்ற வழி நுண்குழியாய்த் தெரியும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் 2013இல் விவரித்த முறையில், ஒளிரும் அலுமினியம் ஆக்சைடு படிகம் பயன்பட்டது. அதன் தடங்களை அரிக்காமலே நுண்ணோக்கியில் காணலாம்.

இப்பரப்பே உயிரணுவுக்கு வாழிடமும் ஆகிறது. உயிரணு அதனைப் பற்றிப் படர்ந்து பெருக வேண்டும். அவ்வாறு பெருகாவிடில், பின்னர்க் காணும் இறப்பு கதிரால் நேர்ந்ததா, பரப்பால் நேர்ந்ததா என்று பிரித்தறிய இயலாது. ஆதலால், கதிர் படாத உயிரணுக்களை அதே பரப்பிலும் வழக்கமான வளர்ப்புத் தட்டிலும் வளர்த்து ஒப்பிடுதல் இன்றியமையாதது. ரேடான் வாயு நுரையீரலுக்கு விளைக்கும் தீங்கினை அறியவும் இத்தகைய ஆய்வுகள் துணைசெய்வதால், இங்கே பிழை புகலாகாது.

பரப்பின் இத்தகுதியை 'உயிரிணக்கம்' எனலாம். ஆயினும் 'உயிரிணக்கப் பொருள்' என்னும் தொகை, இணக்கத்தைப் பொருளின் மாறாக் குணம்போலக் காட்டிவிடுகிறது. 1987இல் வெளிவந்த டேவிட் வில்லியம்சின் வரையறையோ, குறிப்பிட்ட சூழலில் தக்க எதிர்வினையோடு செயற்படும் ஆற்றலே அது என்கிறது. சூழல் மாறினால் விடையும் மாறும். ஒருவகை உயிரணு பற்றும் பரப்பில் மற்றொருவகை பற்றாது போகலாம். அரித்த பரப்பும் அரிக்காத பரப்பும் ஒன்றல்ல.

நம் பேச்சு வழக்கு இதனை மறக்க விடுவதில்லை. 'இம்மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்கிறோம். அங்கே நான்காம் வேற்றுமை நின்று, யாருக்கு என்பதைச் சொல்லிவிடுகிறது.

கலைச்சொல்லை நாம் கைவிட வேண்டியதில்லை. ஆய்வுரை எழுதுவோர், 'இப்பரப்பு இவ்வகை உயிரணுவுக்கு, இத்தனை நாள் ஒத்தது' என்று எழுதினால் போதும். 'கு' உருபு விடுபடும் இடத்தில், பரப்பின் குறை கதிரின் கணக்கில் சேர்ந்துவிடும்.